எண்ணை நம்புகிறோம், ஆசிரியரை ஏன் நம்புவதில்லை? – வாசகர் கேள்வி பதில்

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டது குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தேர்வு முறையைப் பற்றிப் பேசவில்லை. தேர்வின் மீது நம் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையைப் பற்றியே பேசின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையிலும் விடைத்தாள் திருத்தும் மையங்களிலும் இருந்தவன் என்ற முறையில் அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தபோது சீர்திருத்தம் என்றார்கள். அதை நீக்கியபோதும் சீர்திருத்தம் என்கிறார்கள். இரண்டில் எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற எழுத்தர், கரூர்

இரண்டு முடிவுகளும் ஒரே நோயைப் பார்த்து எழுதப்பட்ட இரண்டு மருந்துச்சீட்டுகள் என்றே நான் கருதுகிறேன். ‘பிளஸ் டூ என்பது வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஆண்டு’ என்று நம் வீடுகளில் வேரூன்றிவிட்ட எண்ணம்தான் அந்த நோய். வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் உறவினர்கள் வந்து தங்குவதில்லை, தாய் நெருங்கிய சொந்தத்தின் திருமணத்துக்குக்கூடத் தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புகிறார், தொலைக்காட்சி இணைப்பு துண்டிக்கப்படுகிறது. ஓர் ஆண்டுக்கு இவ்வளவு கனத்தை ஏற்றிவிட்ட சமூகத்தில், அதற்கு முந்தைய ஆண்டு மதிப்பற்றுப் போவதில் வியப்பில்லை. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் பெருகிய உறைவிடப் பள்ளிகள் இந்த எண்ணத்தை நன்றாகப் புரிந்துகொண்டு, பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தின. பெற்றோர்கள் அதைத் தவறாகக் கருதாதது மட்டுமல்ல, அதற்காகவே கூடுதல் கட்டணம் கொடுத்தார்கள். அப்படிப் படித்து வந்தவர்கள் பொறியியல் முதலாண்டில் கணிதத்திலும் இயற்பியலிலும் தடுமாறினார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2017-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் முதன்முறையாக நடத்தப்பட்டது. ஆண்டுக்கு 600 வீதம் இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்களையும் சேர்த்து 1200-க்குச் சான்றிதழ் தருவது என்பதே முதல் திட்டம். ஆனால் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பதற்றம் என்று எதிர்ப்பு எழுந்தது. 2018 செப்டம்பரிலேயே உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும் என்று முடிவானது. அந்த நாளிலேயே பிளஸ் ஒன் தேர்வு உயிரிழந்துவிட்டது என்பது என் கருத்து, ஏனென்றால் சேர்க்கைக்குப் பயன்படாத மதிப்பெண்ணை நம் மக்கள் மதிப்பெண்ணாகவே எண்ணுவதில்லை. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்ட மாநிலக் கல்விக் கொள்கை அதை முறைப்படி நீக்கியது.

நீக்கியதில் எனக்கு வருத்தமில்லை. பதினைந்து வயதில் ஒன்று, பதினாறில் ஒன்று, பதினேழில் ஒன்று என்று மூன்று பொதுத்தேர்வுகளைப் பிள்ளைகள் தலையில் வைத்தது மிகை. ஆனால் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் தாவும் பழக்கம் திரும்பிவிடாது என்பதற்கு இப்போது என்ன காவல் இருக்கிறது என்ற கேள்வியைக் கல்வித்துறையிடம் நீங்களும் நானும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

என் மாணவர்களை ஆண்டு முழுவதும் பார்ப்பவள் நான். யார் சிந்திக்கிறார், யார் முன்னேறியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கையில் இருப்பது பள்ளியிலேயே நாங்கள் போடும் 10 அகமதிப்பீட்டு மதிப்பெண் மட்டுமே. அதையும் பெற்றோர்கள் ‘சும்மா போடுவது’ என்கிறார்கள். எங்கள் மீது ஏன் இந்த அவநம்பிக்கை?
– அரசுப் பள்ளி ஆசிரியை, தருமபுரி

உங்கள் கடிதத்தில் இருக்கும் வலியை நான் அறிவேன். அதனால் இதற்கு மட்டும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கோரிக்கை புதியதன்று. இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949-ல், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தைச் சொல்ல வேண்டுமானால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கும் என்ற பொருளில் எழுதியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, வெளித்தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், பள்ளியே பராமரிக்கும் தொடர் பதிவேட்டுக்கும் ஆசிரியரின் மதிப்பீட்டுக்கும் இறுதிச் சான்றிதழில் இடம் தர வேண்டும் என்று 1953-லேயே பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் 10 மதிப்பெண்ணில்தான் நிற்கிறோம் என்றால், தடை அரசின் சோம்பலில் மட்டும் இல்லை. மக்களின் மனத்திலும் இருக்கிறது. அந்த மனத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமாகாது.

ஒரு விடைத்தாள் பொதுத்தேர்வில் என்னவாகிறது என்று நினைத்துப் பாருங்கள். முகப்புத் தாள் கிழிக்கப்படுகிறது. பெயர் போய்விடுகிறது, பள்ளி போய்விடுகிறது, ஊர் போய்விடுகிறது. திருத்துகிற ஆசிரியருக்கு முன்னால் இருப்பது ஓர் எண் மட்டுமே. அந்தப் பிள்ளையின் அப்பா நிலக்கிழாரா, அவர் நிலத்தில் நாற்று நடுபவரா என்பது அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தப்பட்ட தலைமுறைகளின் பேரப் பிள்ளைகளுக்கு, தங்களை யாரென்று அறியாத ஒருவரால் மதிப்பிடப்படுவது என்பது வரலாற்றில் முதன்முறையாகக் கிடைத்த பாதுகாப்பு. முகம் பார்த்துப் போடும் மதிப்பெண்ணின் மீதான அச்சத்துக்கும் காரணம் உண்டு. தமிழக மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஒரு காலத்தில் நேர்முகத் தேர்வுக்கு மட்டும் 75 மதிப்பெண் இருந்தது. அந்தத் தெரிவு முறை 1970-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்று கேள்விக்குள்ளானது. பாட மதிப்பெண் அதிகம் பெற்றும் சில நிமிட நேர்காணலில் பின்தள்ளப்பட்டவர்களின் கசப்பு குடும்பங்களில் கதையாகத் தங்கியிருக்கிறது. 1984-ல் கொண்டுவரப்பட்ட தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை, நகரத்துப் பயிற்சி மையங்களுக்கே அது சாதகமாகிறது என்று சொல்லி 2006-ல் சட்டம் இயற்றித் தமிழ்நாடு நீக்கியதற்கும், பின்னர் நீட் தேர்வை இவ்வளவு உறுதியாக எதிர்ப்பதற்கும் அடியில் இருப்பது இதே உணர்வுதான்: பாடப் புத்தகம், பொதுத்தேர்வு, எண். ஏழை வீட்டுக்கு எட்டக்கூடிய நீதி அதுதான் என்ற உணர்வு.

இதன் மறுபக்கமும் உண்டு, அதை ஆசிரியர்களாகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மதிப்பெண் போடுவதை நம் ஊரில் அளவிடுவதாகப் பார்ப்பதில்லை, கொடுப்பதாகப் பார்க்கிறோம். ‘ஒரு பிள்ளை பிழைத்துப் போகட்டும், மார்க் போடுவது புண்ணியம்’ என்று ஆசிரியர் ஓய்வறையில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதே தெருவில் குடியிருந்துகொண்டு, காலையில் பால் ஊற்றுகிறவரின் மகளுக்கு 10-க்கு 6 போடுவது அளவீடாகக் கொள்ளப்படாது, பகையாகவே கொள்ளப்படும். அதனால்தான் அகமதிப்பீடு பெரும்பாலான பள்ளிகளில் எல்லோருக்கும் முழு மதிப்பெண்ணாகவே முடிகிறது. எல்லோருக்கும் கிடைப்பதைப் பெற்றோர்கள் ‘சும்மா போடுவது’ என்று சொல்வதில் தவறும் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் தொடர் மதிப்பீட்டுக்கு நம்மைவிடக் கூடுதல் பங்கு உண்டு. அங்கும் கடைசியில் எழுத்துத் தேர்வில் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்ற விதியை 2024-ல் அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே ‘ஆசிரியரை நம்புங்கள்’ என்று கேட்பதால் பயனில்லை. பொதுத்தேர்வு எந்தக் குணத்தால் நம்பிக்கையைப் பெற்றதோ, அந்தக் குணத்தை அகமதிப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டும். மாணவரின் செயல்திட்டத்தையும் கட்டுரையையும் பெயர் நீக்கி வேறு ஒன்றியத்துப் பள்ளிக்கு அனுப்புங்கள். அங்கிருப்பவர் திருத்தட்டும், அவர்களுடையதை நீங்கள் திருத்துங்கள். எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஜூன் மாதமே வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பால்காரர் மகளுக்கு 6 போட்டது நீங்கள் இல்லை என்று தெரிந்தால், அந்த 6 ஏன் என்று அவரே உங்களிடம் வந்து விளக்கம் கேட்பார். உங்கள் அறிவுக்கு அப்போதுதான் அங்கே இடம் கிடைக்கும். பக்கத்து ஒன்றியத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆசிரியருடன் இதை அடுத்த பருவத்திலேயே தொடங்கிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

பொதுத்தேர்வுக்கு முன் மகனைக் கூத்தனூருக்கு அழைத்துச் சென்று பேனாவைச் சரஸ்வதி சந்நிதியில் வைத்து வாங்கிவந்தேன். ‘இப்படிப்பட்ட நம்பிக்கைகள் இருக்கும்வரை கல்வி உருப்படாது’ என்கிறார் என் தம்பி. நான் செய்தது தவறா?
– ஒரு தாய், மன்னார்குடி

தவறில்லை, அம்மா. கூத்தனூரிலும், ஹயக்ரீவரை வேண்டித் திருவஹீந்திரபுரத்திலும் மார்ச் மாதத்துக்கு முன் கூடுகிற பிள்ளைகள் படிக்காமல் வந்தவர்கள் இல்லை, படித்தும் அஞ்சுகிறவர்கள். தேர்வுச் சீர்திருத்தத்துக்கு அந்தப் பேனா ஒரு நாளும் தடையாக இருந்ததில்லை. நான் கவலைப்படுவது வேறொரு நம்பிக்கையைப் பற்றி: முடிவு வந்தபின் ‘அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான்’ என்று சொல்லிவிடுவது. தோல்வியைத் தலையெழுத்து என்று கொண்டுவிட்டால், கணித ஆசிரியர் பணியிடம் இரண்டு ஆண்டுகளாகக் காலியாக இருந்ததை யாரும் கேட்க மாட்டார்கள். மகனுக்குத் துணையாகக் கோயிலுக்குப் போன நீங்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கும் போகிறீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மனப்பாடம் செய்யாதே என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் வினாத்தாளில் புத்தகத்துக்கு வெளியே இரண்டு கேள்வி வந்தால் பெரியவர்களே கொதிக்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், விருதுநகர்

நீ சரியான முரணைப் பிடித்திருக்கிறாய், தம்பி. மனப்பாடம் நம் மரபில் இழிவான சொல் அன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்பாட்டை ஒப்பித்தவர்கள் வயலிலும் கடையிலும் கையில் தாளின்றிக் கணக்குப் போட்டார்கள். ஓதுவார் நூற்றுக்கணக்கான பதிகங்களை நெஞ்சில் வைத்திருப்பதால்தான் பண் பிழையாமல் பாட முடிகிறது. மனத்தில் இருத்திய பிறகு அதை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினார்கள் என்பதே அங்கே முக்கியம். ஏப்ரலில் ஒப்பித்து மே மாதம் மறப்பதற்கு அந்த மரபைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

புதிய பாடநூல்கள் 2018 முதல் வந்தபோது, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று முன்கூட்டியே காட்டும் புளூ பிரிண்ட் கைவிடப்பட்டு, பாடத்தின் உள்ளிருந்தும் கேள்விகள் வரும் என்று அறிவிக்கப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனாலும் எதிர்ப்பு வந்தது, கருணை மதிப்பெண் கேட்டார்கள். ‘புத்தகத்தில் உள்ளதை முழுவதும் படித்தால் முழு மதிப்பெண் உறுதி’ என்பது நம் மக்களுக்கு ஏறக்குறைய ஒரு வாக்குறுதி. தனிப்பயிற்சிக்கும் வழிகாட்டி நூல்களுக்கும் பணமில்லாத வீட்டில் அரசு தரும் விலையில்லாப் பாடநூல் ஒன்றுதான் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக இருக்கும் உடைமை; அதற்கு வெளியே கேள்வி கேட்டால் அது யாருக்குச் சாதகம் என்று அவர்கள் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தை மதிக்கிறேன். எனவே சிந்தனைக் கேள்விகள் எத்தனை விழுக்காடு என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவித்து, மாதிரிகளை எல்லாப் பள்ளிகளுக்கும் தர வேண்டும் என்பதே என் நிலை. நீ செய்யக்கூடியது: பாட முடிவில் இருக்கும் புக் பேக் கேள்விகளை முடித்ததும், ஒவ்வொரு பாடத்திலிருந்தும் நீயே மூன்று கேள்விகளை உருவாக்கி நண்பனிடம் கொடு, அவன் உருவாக்கியதற்கு நீ விடை எழுது.

எங்கள் நாட்டிலும் பரீட்சைச் சீர்திருத்தம் செய்து பார்த்துக் கைவிட்டார்கள் என்று என் தந்தையார் சொல்வார். அதற்கும் நம்பிக்கைகள்தான் காரணமா?
– வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் தந்தையார் சொல்வது 1972-ல் தொடங்கிய மாற்றத்தை என்று எண்ணுகிறேன். அப்போது இலங்கையில், நம் பத்தாம் வகுப்புத் தேர்வு போன்ற சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் கொண்டுவரப்பட்டு, 1975-ல் முதல் பரீட்சை நடந்தது. உள்ளூர்த் தொழில்களைச் சார்ந்த தொழில் முன்னிலைப் பாடங்களும் அதில் சேர்க்கப்பட்டன. 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பின் பழைய சாதாரண தரமும், நம் பிளஸ் டூ போன்ற உயர்தரமும் மீண்டன. அரசியல் ஒரு காரணம். பரீட்சையின் பழைய பெயருக்கு இருந்த மதிப்பும், பிள்ளை கைத்தொழில் படித்தால் அரச உத்தியோகம் கிட்டாது என்ற பெற்றோரின் எண்ணமும் வேறு காரணங்கள். பல்கலைக்கழக அனுமதியில், மொழி, மாவட்ட அடிப்படையில் மதிப்பெண்களைச் சரிசெய்யும் தரப்படுத்தல் அறிமுகமான அதே ஆண்டுகளில் தமிழ்ப் பெற்றோர்கள் எந்தப் பரீட்சை மாற்றத்தையும் ஐயத்துடன் பார்த்தது இயல்பே.

இங்கும் இதற்கு இணையான நினைவு உண்டு. 1953-ல் இராஜாஜி கொண்டுவந்த, பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்ற திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954-ல் காமராஜர் காலத்தில் கைவிடப்பட்டது. இன்றும் தொழிற்கல்விக்கு மதிப்பெண் தரலாம் என்று யார் சொன்னாலும், ‘யாருடைய பிள்ளைக்கு?’ என்ற கேள்விதான் முதலில் எழுகிறது. மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் தச்சு வேலையைப் பாடமாக எடுக்கும் நாள் வரும்வரை அந்தக் கேள்வி எழத்தான் வேண்டும்.

மாநில அளவில் முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியதால் என்ன பயன்?
– வாசகர், ஈரோடு

2017-ல் அது நிறுத்தப்பட்டது சரியான முடிவு. ஆனால் பதாகைகள் பள்ளி வாசலை விட்டுப் போகவில்லை, ‘எத்தனை சென்டம்’ என்ற கேள்வி உறவினர் வாயை விட்டும் போகவில்லை. முடிவு வெளியாகும் காலையில் அறிவிப்பு மேடையின் ஆரவாரம் குறைந்ததே ஒரு சில வீடுகளுக்காவது ஆறுதல்.

2021-ல் தேர்வு எழுதாமல் தேர்ச்சி பெற்றவன் நான். இன்றும் வேலைக்குப் போகும் இடத்தில் ‘கொரோனா பேட்ச்சா?’ என்று கேட்கிறார்கள். என் சான்றிதழ் குறைவானதா?
– இளைஞர், திருவள்ளூர்

குறைவானதன்று. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று மூன்று ஆண்டு உழைப்பிலிருந்து கணக்கிடப்பட்ட மதிப்பெண் உங்களுடையது. முதலியார் குழு கேட்டதற்கு நம் மாநிலம் மிக அருகில் வந்த ஆண்டு அதுதான் என்றுகூடச் சொல்வேன். ஆனால் மூன்று மணி நேரம் மண்டபத்தில் அமர்ந்து எழுதாத ஒன்றை நம் சமூகம் தேர்ச்சி என்று ஏற்க மறுக்கிறது. விரதம் இருக்காமல் கிடைத்த பிரசாதத்தைப் போல அதைப் பார்க்கிறது. அடுத்த முறை கேட்பவரிடம் இந்த 50, 20, 30 கணக்கை நிதானமாகச் சொல்லுங்கள்.

என் மகள் பிளஸ் டூவில் கணிதத்தில் மட்டும் தோற்றுவிட்டாள். ‘பெண்ணுக்குப் படிப்பு வராது என்று தெரிந்துவிட்டது, வரன் பார்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. என்ன செய்வது?
– ஒரு தந்தை, பெரம்பலூர்

உங்களுக்கு மனமில்லை என்பதே என் நிம்மதி. ஆண் பிள்ளை தோற்றால் ‘அடுத்த முறை எழுதட்டும்’ என்கிற அதே பெரியவர்கள், பெண் பிள்ளையின் தோல்வியைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் தேர்ச்சி விழுக்காட்டில் மாணவியர்தான் மாணவரை முந்துகிறார்கள் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். சிறப்புத் துணைத் தேர்வு இருப்பதே தோற்ற பாடத்தை மட்டும் மீண்டும் எழுதி அந்த ஆண்டே கல்லூரியில் சேர்வதற்காகத்தான்; நம் தேர்வுச் சீர்திருத்தங்களில் ஓசையின்றி மிகுந்த நன்மை செய்தது அதுவே என்று நான் கருதுவதுண்டு. விண்ணப்பிக்க அதிக நாள் தர மாட்டார்கள். நாளைக் காலை மகளையும் அழைத்துக்கொண்டு அவள் படித்த பள்ளிக்குச் செல்லுங்கள். தலைமையாசிரியரிடம் விண்ணப்ப நாளைக் கேளுங்கள். விடைத்தாள் நகல் பெற்று எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்று கணித ஆசிரியரைக் கொண்டு பாருங்கள். அவள் உறங்காமலோ உண்ணாமலோ இருந்தால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வரன் பார்க்க வருகிறவர்களிடம், மகளுக்குத் தேர்வு இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.